ஓமப்பொடி அச்சுக்குள் சூரியன்

ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சூரிய கிரகணம் வந்தது நினைவிருக்கிறதா? 2020 ஜூன் 21. கொரோனா வேகமாகப் பரவிக்கொண்டிருந்த நேரம். சென்னையிலும் அதை ஒட்டிய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டப் பகுதிகளிலும் ஜூன் 19 முதல் 30 வரை முழு ஊரடங்கு. அதிலும் ஞாயிறன்று எந்தத் தளர்வும் கிடையாது. பால், மருந்துக் கடை, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். எப்போதும் ஹாரன் சத்தம் ஓயாத தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் அன்றைக்கு காக்கா கத்துவது கேட்டது.

கிரகணத்தன்று வெளியே தலைகாட்டாதே என்று வழக்கமாகப் பாட்டிகள் சொல்வார்கள். அன்றைக்கு அரசாங்கமே சொன்னது.

சென்னையில் காலை 10.22-க்கு ஆரம்பித்து, 11.58-க்கு உச்சம் தொட்டு, மதியம் 1.41-க்கு முடிந்த கிரகணம் அது. சூரியனில் மூன்றில் ஒரு பங்கு, துல்லியமாகச் சொன்னால் 34 சதவிகிதம் மறைந்தது. மற்ற கிரகணங்கள் என்றால் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தில் தொலைநோக்கி வைப்பார்கள், அறிவியல் இயக்கத்துக்காரர்கள் பள்ளி மைதானங்களில் கண்ணாடி கொடுத்துக் காட்டுவார்கள். அன்று எதற்கும் வழியில்லை. பார்க்க வேண்டுமென்றால் மொட்டை மாடி, பால்கனி, ஜன்னல். கையில் இருப்பதை வைத்து ஏதாவது செய்தால்தான் உண்டு.

அடுத்த கிரகணம் நம் ஊருக்கு 2027 ஆகஸ்ட் 2-ல் வருகிறது. அதற்கு இப்போதே ஆன்லைனில் கண்ணாடி தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால், உங்கள் சமையலறையில் ஏற்கெனவே ஒரு கிரகணக் கருவி இருக்கிறது. முறுக்கு உழக்கில் போடும் ஓமப்பொடி அச்சு.

அதை வெயிலில் பிடித்து, கீழே ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். ஒரு முழ உயரத்துக்குள் பிடித்தால் போதும். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு குட்டி வெளிச்சப் பொட்டு தாளில் விழும். அது ஓட்டையின் வடிவம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். இல்லை, சூரியனின் படம். கிரகணத்தன்று ஒவ்வொரு பொட்டும் ஒரே பக்கம் கடிபட்டிருக்கும். எலி கடித்த பொட்டுக்கடலை மாதிரி. பொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அச்சைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். வெறும் ஓட்டை வடிவம்தான் தெரிகிறதென்றால் மேலே தூக்குங்கள். பூந்தி தேய்க்கிற ஜல்லிக் கரண்டிக்கு ஓட்டை பெரியது, இடைவெளியும் அதிகம். அதனால் இடுப்பு உயரத்தில் பிடிக்கவேண்டும். வீட்டில் குட்டீஸ் இருந்தால் முள்ளு முறுக்கின் நட்சத்திர அச்சையும் எடுத்துக் கொடுங்கள். ஸ்டூல் மேல் ஏறித் தலைக்கு மேல் பிடித்தால் தரையில் விழுவது நட்சத்திரமாக இருக்காது, கிட்டத்தட்ட வட்டமாகத்தான் இருக்கும். 'ஏன்?' என்று அவர்கள் கேட்பார்கள். அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வியே போதும்.

காரணம் எளிது. சூரியனின் மேல் முனையிலிருந்து வரும் வெளிச்சமும் கீழ் முனையிலிருந்து வரும் வெளிச்சமும் அந்தச் சின்ன ஓட்டையில் குறுக்கே கடந்து, தலைகீழான ஒரு படத்தைப் போடுகின்றன. சூரியன் நம்மிடமிருந்து இருக்கும் தூரம், அதன் விட்டத்தைப்போல் சுமார் 108 மடங்கு. (அஷ்டோத்திரத்துக்கும் இதே எண்தான். தற்செயல் என்றுதான் நினைக்கிறேன். வாட்ஸ்அப்பில் வேறு மாதிரி வந்தால் நான் பொறுப்பல்ல.) அதனால், ஓட்டையிலிருந்து தாள் எவ்வளவு தூரமோ, அதில் 108-ல் ஒரு பங்கு அளவுக்குப் படம் விழும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் 9 மில்லிமீட்டர். ஐந்து மீட்டர் உயரத்தில் இலைகள் இருக்கும் புங்க மரத்தடியில் நாலரை சென்டிமீட்டர். மர நிழலில் எப்போதும் வட்ட வட்டமாக வெயில் விழுகிறதே, அவ்வளவும் சூரியன்கள்தான். இலைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகள் வரைந்தவை. கிரகணம் அன்று சேலையூர், சிட்லபாக்கம் உள்தெருக்களில் ஒரு வேப்பமரத்தடியில் குனிந்து பார்த்தால் போதும், தெரு முழுக்க பிறைகள் கிடக்கும். 2019 டிசம்பர் 26 காலையில் சென்னையில் 84 சதவிகிதத்துக்கு மேல் மறைந்ததே, அது மாதிரியான கிரகணங்களில் அந்தப் பிறைகள் நகம் வெட்டிப் போட்டதுபோல் மெலிசாக இருக்கும்.

2020 கிரகணத்துக்கு வருகிறேன். அப்போது என் அக்காவுக்கு ஏழாவது மாதம். கூடுவாஞ்சேரியிலிருந்து சேலையூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஊரடங்கில் வளைகாப்பை வீட்டோடு முடித்திருந்தோம். கிரகணத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்தே பாட்டி உத்தரவுகள் போட ஆரம்பித்துவிட்டார். கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாம் பரண் மேல் போனது.

"பத்து மணிக்கு மேல பச்சத் தண்ணிகூட தொண்டையில இறங்கக் கூடாதுடி. உங்கம்மாவ நான் அப்படித்தான் பெத்தேன்."

"பாட்டி, நீங்க இருந்தது மார்கழி மாசம். இது ஜூன்."

அம்மா இரண்டு பேருக்கும் நடுவில். அக்காவின் டாக்டருக்கு ஃபோன் போட்டோம். கிரகணத்தால் குழந்தைக்கு எதுவும் ஆகாது, சென்னை வெயிலில் மூன்றரை மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தால்தான் ஆகும் என்று ஸ்பீக்கரில் சொன்னார். உதட்டுப் பிளவு பற்றிப் பாட்டியே கேட்டார். குடும்பத்தில் ஏற்கெனவே இருப்பது, ஃபோலிக் ஆசிட் குறைவு, சில மாத்திரைகள், புகையிலை என்று டாக்டர் காரணங்களை அடுக்கினார். அந்தப் பட்டியலில் ராகு வரவில்லை. பாட்டி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் ஒரு சொம்புத் தண்ணீரில் இரண்டு தர்ப்பையைக் கிள்ளிப் போட்டு அக்கா பக்கத்தில் வைத்தார். "தர்ப்பை போட்டாச்சு. இனிமே தோஷம் இல்ல. குடி." வீட்டில் எல்லோரும் ஜெயித்த மாதிரி ஒரு தீர்ப்பு.

ஆனால், வெளியே வரக் கூடாது என்பதில் அவர் இறங்கவே இல்லை. அக்காவுக்கோ கிரகணத்தைப் பார்த்தே ஆகவேண்டும். அதனால் கிரகணத்தை ரூமுக்குள் கொண்டுபோனோம்.

இது வீட்டிலிருந்தே பார்க்க நினைக்கிற எல்லோருக்கும் உதவும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று. அதன் மேல் ஒரு கறுப்புத் தாளை ஒட்டி, நடுவில் அரை சென்டிமீட்டருக்கு ஒரு ஓட்டை. காம்பவுண்டில் வெயில் விழும் இடத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் அரிசி நிரப்பிய டப்பாவில் கண்ணாடியைச் சாய்வாகச் செருகினோம். அரிசியில் செருகினால் எந்தக் கோணத்துக்கும் நிற்கும். அதிலிருந்து பிரதிபலிக்கும் வெளிச்சத்தை ஜன்னல் வழியாக உள்ளே திருப்பி, எதிர்ச் சுவரில் விழவைத்தோம். மற்ற ஜன்னல்களுக்குப் போர்வை. கண்ணாடியிலிருந்து சுவர் எட்டு மீட்டர் என்றால், சுவரில் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் ஒரு சூரியன். சின்ன பூரி அளவு. அதன் ஓரத்தை நிலா கடிப்பது தெளிவாகத் தெரியும். பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால் பூரி சுவரில் நிமிடத்துக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டே போகும். ஒருவர் வெளியே நின்று கண்ணாடியைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். அந்த வேலை என் தலையில். பார்க்கவேண்டியது சுவரைத்தான். கண்ணாடியை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, அது சூரியனையே பார்ப்பதற்குச் சமம்.

அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, தர்ப்பைத் தண்ணீரைக் குடித்தபடி, முழுக் கிரகணத்தையும் சுவரில் பார்த்தாள். அவளுக்கு எதுவும் ஆகவில்லை. பன்னிரண்டரை மணிக்குப் படபடவென்று வந்தது பாட்டிக்கு. காலையில் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எட்டு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டதோடு சரி. யாரும் கவனிக்கவில்லை. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அக்காதான் எழுந்துபோய், அதே சொம்பில் நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கலக்கிக் கொடுத்தாள். பாட்டி மறுக்கவில்லை. கால் மணி நேரத்தில் தெளிந்து, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவரும் சுவரைப் பார்த்தார். "கிரகணம்னா இவ்வளவுதானா?" என்றார். ஊரடங்கு ஞாயிறு. ஆட்டோ கிடையாது. ஆம்புலன்ஸ் கிடைப்பதே பெரும் பாடு. அந்தக் கால் மணி நேரம் எங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கிரகண நாளில் கர்ப்பிணிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். சுகர் மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு பட்டினி இருக்கும் பெரியவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், முந்தின நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இப்போது கண்ணுக்கு வருவோம். கிரகணத்தில் நிஜமாகவே ஆபத்தான விஷயம் அது ஒன்றுதான்.

கிரகணச் சூரியனிலிருந்து தனியாக எந்த விஷக்கதிரும் வருவதில்லை. சாதாரண நாளில் சூரியனை முறைத்துப் பார்த்தால் இரண்டு விநாடியில் கண் கூசித் திரும்பிவிடுவோம். கிரகணத்தில் மொத்த வெளிச்சம் குறைவதால் அந்தக் கூச்சம் குறைகிறது, அதிக நேரம் பார்க்கிறோம். ஆனால், மறையாமல் மிச்சமிருக்கும் பகுதி எப்போதும்போல் அதே உக்கிரத்தோடுதான் இருக்கிறது. அது விழித்திரையில் ஒரு புள்ளியில் குவிந்து சுடும். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டது அப்போது புரியாது. சில மணி நேரம் கழித்து, பார்வையின் நடு மையத்தில் ஒரு கறுப்பு அல்லது மங்கல் திட்டு வரும். எதிரில் இருப்பவரின் காது தெரியும், மூக்கு தெரியாது. சிலருக்கு வாரங்களில், மாதங்களில் சரியாகும். சிலருக்கு அப்படியே தங்கிவிடும். இதற்கென்று உறுதியான சிகிச்சை இல்லை.

நம் வீடுகளில் பல தலைமுறையாக இருக்கும் ஒரு வழக்கம், வாளித் தண்ணீரில் மஞ்சளோ சாணமோ கரைத்து அதில் சூரியனைப் பார்ப்பது. பாதுகாப்பானது என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உச்சி வெயிலில் தண்ணீர்ப் பரப்பு சுமார் 2 சதவிகித வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதாவது, லட்சத்தில் இரண்டாயிரம் பங்கு. தரமான கிரகணக் கண்ணாடி உள்ளே விடுவது லட்சத்தில் மூன்று பங்குதான். அறுநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். மஞ்சள் கரைத்தாலும் மேல்பரப்பின் பிரதிபலிப்பு குறையப்போவதில்லை. ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். அதையே அரை மணி நேரம் குனிந்து பார்க்கும் பையனுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

எக்ஸ்ரே ஃபிலிம், பழைய சி.டி., மெழுகுவத்திப் புகை படிந்த கண்ணாடி, இரண்டு கூலிங் கிளாஸை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டுவது, எல்லாமே கூடாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் குறைக்கும். தெரியாத அகச்சிவப்புக் கதிரைக் குறைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வெல்டிங் கண்ணாடி என்றால் 14-ம் நம்பர் சரி. வெல்டிங் பட்டறைகளில் சாதாரணமாகப் புழங்குவது 10, 11-ம் நம்பர்கள். அது போதாது. பட்டறை அண்ணனிடம் இரவல் வாங்கினால் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 2019-ல் வாங்கிய கிரகணக் கண்ணாடி பீரோவில் கிடக்கிறதா? டார்ச்சுக்கு முன் பிடித்துப் பாருங்கள். கீறலோ ஊசி ஓட்டையோ தெரிந்தால் குப்பைக்கு. அதைப் போட்டுக்கொண்டு ரூமைப் பார்த்தால் எதுவுமே தெரியக் கூடாது. சோபா தெரிகிறது என்றால் அது கிரகணக் கண்ணாடியே இல்லை.

மொபைலில் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சூரியனை ஃபிரேமுக்குள் கொண்டுவர மேலே தேடுகிறோமே, அப்போதுதான் கண் மாட்டுகிறது. ஸூம் லென்ஸ் இருக்கும் மொபைல் என்றால் சென்சாரும் பாதிக்கப்படலாம். கிரகணக் கண்ணாடியின் ஃபிலிமை லென்ஸ் முன்னால் வைத்து எடுக்கலாம். என்னைக் கேட்டால், ஒரு ஆரஞ்சுப் புள்ளியாக வரும் அந்தப் படத்தைவிட, தாளில் ஓமப்பொடி அச்சு போட்ட ஐம்பது குட்டிப் பிறைகளின் படம்தான் ஸ்டேட்டஸுக்கு அழகு.

ஸ்டேட்டஸ் என்றதும் உலக்கை ஞாபகம் வருகிறது. 2019 கிரகணத்தன்று தமிழ்நாடு முழுக்க தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தி, 'கிரகண நேரத்தில் மட்டும் நிற்கும்' என்று வீடியோ போட்டார்கள். உலக்கையின் அடியில் இரும்புப் பூண் தட்டையாக இருக்கும். பொறுமையாக நிறுத்தினால் எந்த நாளும் நிற்கும். சந்தேகமிருந்தால் நாளைக்கே நிறுத்திப் பாருங்கள். 2020-லோ, கொரோனாவைக் கொண்டுவந்ததே டிசம்பர் கிரகணம்தான், ஜூன் கிரகணம் வந்து அதை எடுத்துப் போய்விடும் என்று ஃபார்வேர்டு சுற்றியது. ஜூன் கிரகணம் வந்தது, போனது. அதற்குப் பிறகு நாம் பட்டதெல்லாம் நமக்குத் தெரியும்.

இதையெல்லாம் சொல்வதால் பஞ்சாங்கத்தைக் கிண்டல் செய்வதாக நினைக்கவேண்டாம். கிரகணம் எத்தனை மணிக்கு என்று தொலைநோக்கி இல்லாமலேயே கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் நம் பஞ்சாங்கக் கணிதர்கள். மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த ஜான் வாரன் என்ற அதிகாரி, 1825-ல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அவர் காகிதமோ பேனாவோ தொடவில்லை. சோழிகளைத் தரையில் அடுக்கி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களை வைத்து, அந்த ஆண்டு மே 31-ம் தேதி இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். தொடங்கும் நேரத்தில் வித்தியாசம் வெறும் நான்கு நிமிடம். முடியும் நேரம் கொஞ்சம் அதிகமாகவே தப்பியது என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த மெட்ராஸ் ஆய்வகம் நுங்கம்பாக்கத்தில் இருந்தது. 1792-ல் நட்ட அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை மைய வளாகத்தில், தமிழ்க் கல்வெட்டோடு நிற்கிறது. அங்கே வேலை பார்த்தவர்தான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் குடும்பத்திலிருந்து வந்தவர். 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க நிஜாம் ராஜ்ஜியத்தின் வனபர்த்திக்குப் போனார். ஆய்வகக் கணக்குகளோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1872-ல் லண்டன் ராயல் அஸ்ட்ரனாமிக்கல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார். கிரகணத்தைக் கணக்குப் போட்டதோடு நிற்காமல் கண்ணாலும் பார்க்கவேண்டும் என்று நினைத்தவர். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் இப்படி ஒருவர் இருந்தார் என்பது, ஜர்னலிசம் டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

கடைசியாக நம் ஊரில் தெரிந்தது 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள். மாலை 5.14-க்குத் தொடங்கி, அரை மணி நேரத்தில் சூரியனே அஸ்தமித்துவிட்டது. மறைந்தது சுமார் 8 சதவிகிதம்தான். அதற்கு மேற்கு அடிவானம் தெரியவேண்டும். அடுக்குமாடிகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் பலருக்கு எதிர் பிளாக்கின் தண்ணீர் டேங்க்தான் தெரிந்திருக்கும். வீட்டிலிருந்து பார்க்கிறவர்கள் இதைத்தான் முதலில் கவனிக்கவேண்டும். உங்கள் வீட்டுக்கு எந்தப் பக்கம் வெயில் விழும்? 2020 ஜூன் கிரகணத்தில் உச்சி வேளைச் சூரியன் தலைக்கு மேலே, சற்று வடக்கே சாய்ந்து நின்றது. தெற்குப் பார்த்த பால்கனிக்காரர்களுக்கு ஒரு பொட்டு வெயில்கூடக் கிடைத்திருக்காது.

2027 ஆகஸ்ட் 2 திங்கட்கிழமை. எகிப்தின் லக்சர் பகுதியில் ஆறு நிமிடத்துக்கு மேல் முழு இருட்டு. நமக்கு மாலையில் ஒரு பகுதி கிரகணம்தான். சூரியன் மேற்கே இறங்கும் நேரம் என்பதால் முடிச்சூர், மண்ணிவாக்கம் திசையைப் பார்த்த மாடிகளுக்கு அதிர்ஷ்டம். ஆகஸ்ட் மாலை மேகத்தை நம்ப முடியாது. மேகம் போட்டால் பெங்களூருவின் இந்திய வான் இயற்பியல் மையம் போன்றவர்கள் தரும் நேரலை இருக்கவே இருக்கிறது.

மோதிரம்போல் சூரியனைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 2031 மே 21, புதன்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். வளைய கிரகணப் பாதை கேரளத்திலிருந்து தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியாக யாழ்ப்பாணத்துக்குப் போகிறது. பகல் ஒரு மணி வாக்கில். 2010 ஜனவரி 15-ல் ராமேஸ்வரம், கன்னியாகுமரிக்கும், 2019-ல் கோவை, திருச்சிக்கும் கிடைத்த அதே மோதிரம். தாம்பரத்தில் அன்றைக்கும் பகுதி கிரகணம்தான் தெரியும். என் அக்கா மகளுக்கு அப்போது பதினோரு வயது நெருங்கியிருக்கும். மதுரையில் எங்கள் சித்தி வீட்டு மாடி காலியாக இருக்குமா என்று அவள் இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.